பாரிஸ் கோடைத் தள்ளுபடியில் டிசைனர் ஆடை வாங்கும் முறை

பிரான்ஸில் கோடைத் தள்ளுபடியின் நாளைக் குறிப்பது கடைக்காரர் அல்ல, அரசு. ‘சோல்ட்’ எனப்படும் பருவத் தள்ளுபடி ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது: ஜனவரியில் ஒன்று, ஜூன் இறுதியில் ஒன்று. முன்பு ஆறு வாரம் நீடித்த ஒவ்வொரு பருவமும் 2020 முதல் நான்கு வாரமாகக் குறைந்தது. இந்த நாட்களுக்கு வெளியே அந்தப் பெயரைப் போட்டு விற்றால் தனிநபருக்கு 15,000 யூரோ வரையும், நிறுவனத்துக்கு 75,000 யூரோ வரையும் அபராதம் உண்டு. தமிழ்நாட்டின் ஆடித் தள்ளுபடி வணிக வழக்கம். பாரிஸின் கோடைத் தள்ளுபடி சட்டம்.

பெரிய பெயருள்ள டிசைனர் ஆடையை நெடுநாளாக ஆசைப்பட்டு, முழு விலை கொடுக்க மனம் வராதவர்களுக்கு இந்த நான்கு வாரம் நல்ல வாய்ப்பு. தேவையில்லாததை வாங்கிவந்து அலமாரியில் அடுக்குவதும் இதே நான்கு வாரத்தில்தான் நடக்கிறது. இரண்டில் எது நடக்கும் என்பது கடைக்குள் நுழையும் முன் செய்த வேலையைப் பொறுத்தது.

1. நாட்களையும் விதிகளையும் தெரிந்துகொள்ளுதல்

கோடைத் தள்ளுபடி ஜூன் மாதக் கடைசிப் புதன்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கும். அந்தப் புதன் 28ஆம் தேதிக்குப் பிறகு வந்தால் ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிடும். 2025இல் ஜூன் 25 முதல் ஜூலை 22 வரை நடந்தது. நீஸ், கான் நகரங்கள் உள்ள தென்கிழக்கு மாவட்டத்திலும் கோர்சிகா தீவிலும் ஜூலையில்தான் ஆரம்பம்.

வாங்குபவருக்குச் சாதகமான விதிகள் மூன்று. தள்ளுபடியில் வைக்கும் சரக்கு குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வைக்கப்பட்டு, அதற்கான பணமும் கடையால் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்; தள்ளுபடிக்கென்றே மட்டச் சரக்கை இறக்கக் கூடாது. இரண்டாவது, கொள்முதல் விலைக்கும் கீழே நட்டத்தில் விற்கப் பொதுவாகத் தடை இருந்தாலும் இந்தப் பருவத்தில் அனுமதி உண்டு. மூன்றாவது, தள்ளுபடிச் சரக்கும் புதுச் சரக்கும் பிரித்துக் காட்டப்பட வேண்டும்.

கடைகள் விலையை இறக்குவதற்குக் காரணம் பருவச் சுழற்சி. வசந்த-கோடை ஆடைகள் அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் ஃபேஷன் வாரங்களில் காட்டப்பட்டு, ஆண்டின் தொடக்க மாதங்களில் கடைக்கு வருகின்றன. ஜூலையில் இலையுதிர்காலச் சரக்கு வரத் தொடங்கிவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதே கோடை ஆடை பழையதாகிவிடுகிறது. விற்காத துணிகளை அழிக்க 2022 முதல் பிரான்ஸில் தடை இருப்பதால், மிச்சத்தை எப்படியாவது தள்ளியாக வேண்டும்.

2. எது தள்ளுபடிக்கு வரும் என்று பிரித்தறிதல்

டிசைனர் பெயர் தாங்கிய எல்லாமே தள்ளுபடிக்கு வருவதில்லை. உடலளவு எடுத்துக் கையால் தைக்கும் ‘ஓத் கூத்தூர்’ ஆடைகளுக்குத் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. அந்தப் பெயர் 1945 முதல் பிரான்ஸில் சட்டப் பாதுகாப்பு பெற்றது. தள்ளுபடிக்கு வருவது அதே நிறுவனங்களின் ஆயத்த ஆடைகள். 1966இல் இவ் சான் லோரான் ‘ரிவ் கோஷ்’ என்ற பெயரில் பாரிஸில் ஆயத்த ஆடைக் கடை திறந்தார். அத்தகைய முயற்சிகளுக்குப் பிறகே பெரிய டிசைனர்களின் ஆடை, அளவுவாரியாகத் தொங்கும் கடைச் சரக்காகப் பரவியது.

லூயி வித்தோன் தன் கடைகளில் விலை குறைப்பதே இல்லை. மற்ற பல நிறுவனங்களும் ஆண்டுதோறும் மாறாமல் விற்கும் கைப்பைகளையும், எப்போதும் ஓடும் கறுப்பு, கருநீல ஜாக்கெட்டுகளையும் தள்ளுபடியிலிருந்து விலக்கிவைக்கின்றன. அதிகம் குறைபவை அந்தப் பருவத்துக்கே உரிய நிறங்களும், அச்சுகளும், வெட்டுகளும். ஓர் ஆடைக்கு 60 சதவீதம் குறைத்திருக்கிறார்கள் என்றால், முழு விலையில் அதை அதிகம் பேர் வாங்கவில்லை என்று பொருள். அளவு பொருந்தாததால் விற்காமல் போனதா, அணியவே கடினமானதால் விற்காமல் போனதா என்று பார்ப்பது வாங்குபவரின் வேலை.

3. பட்டியலும் தொகையும் எழுதிவைத்தல்

தள்ளுபடிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பட்டியல் போட வேண்டும். முதலில் அலமாரியைத் திறந்து, இருப்பவற்றில் அடிக்கடி அணிவது எது, ஒருமுறை அணிந்து விட்டுவிட்டது எது என்று பிரிக்க வேண்டும். அடிக்கடி அணிபவற்றோடு சேரக்கூடியதுதான் புதிதாக வாங்கத் தகுந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் நேராக மூன்று விவரங்கள் போதும்: முழு விலை, கொடுக்கத் தயாரான உச்ச விலை, வீட்டில் ஏற்கெனவே உள்ள எந்த மூன்று ஆடைகளோடு அது சேரும் என்பது. மூன்றாவது விவரத்தை நிரப்ப முடியாத பொருளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

ஆசைக்கும் கணக்கு உண்டு. 600 யூரோ கவுன் பாதி விலைக்கு வந்து, மூன்று விருந்துகளோடு முடிந்துபோனால் ஒருமுறை அணிய 100 யூரோ. 450 யூரோ ஜாக்கெட் 30 சதவீதம் மட்டுமே குறைந்து 315 யூரோவுக்குக் கிடைத்து, 60 முறை அணியப்பட்டால் ஒருமுறைக்கு ஐந்தேகால் யூரோ. சதவீதம் குறைவாக இருப்பது இங்கே மலிவு. உலர்சலவைச் செலவையும் திருத்தக் கூலியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

4. முன்னதாகவே அணிந்து பார்த்தல்

தள்ளுபடி தொடங்கிய நாளில் அணிந்து பார்க்கும் அறைக்கு வரிசை நீளும். ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகச் சென்று நிதானமாக அணிந்து பார்த்து, அளவைக் குறித்துக்கொள்வது நல்லது. பிரெஞ்சு அளவு 38 என்பது இத்தாலிய அளவில் 42, பிரிட்டிஷ் அளவில் 10, அமெரிக்க அளவில் 6. இத்தாலியக் காலணி எண் பிரெஞ்சு எண்ணைவிடப் பொதுவாக ஒன்று குறைவு. ஆனாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வெட்டு மாறும். எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

கடையின் உறுப்பினர் அட்டை இலவசமாகக் கிடைத்தால் பெற்றுக்கொள்ளலாம். பல கடைகள் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அதிகாரபூர்வ நாளுக்குச் சில நாள் முன்பே ‘தனி விற்பனை’ என்ற பெயரில் விலையைக் குறைக்கின்றன. நடுத்தர அளவுகள் அப்போதே பெரும்பாலும் போய்விடும்.

5. நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

நான்கு வாரத்தில் விலை படிப்படியாக இறங்கும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் ‘தெமார்க்’ என்று பெயர். முதலாவது, இரண்டாவது, கடைசி என்று வாசலில் அறிவிப்பார்கள். முதல் இறக்கத்தில் பெரும்பாலும் 20 முதல் 50 சதவீதம் குறையும், எல்லா அளவும் இருக்கும். கடைசி இறக்கத்தில் 70 சதவீதம்கூடக் குறையலாம், ஆனால் நடுத்தர அளவுகள் இருக்காது. பட்டியலில் முதலிடத்தில் உள்ள ஒரே பொருளை முதல் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை என்ற பொருளுக்கு மூன்றாம் வாரம் வரை காத்திருக்கலாம். மிகச் சிறிய, மிகப் பெரிய அளவு உடையவர்களுக்குக் காத்திருப்பு லாபம்.

இடங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

- பேரங்காடிகள்: ஓஸ்மான் சாலையில் கேலரி லஃபாயேத், பிரந்தாம் இரண்டும் அருகருகே உள்ளன. ஆற்றின் தென்கரையில் லு பொன் மார்ஷே. பல டிசைனர்களை ஒரே கூரையின்கீழ் ஒப்பிட இவையே வசதி.
- தனிக்கடைகள்: அவென்யூ மோந்தேன், ஃபோபூர் சான்தொனொரே வீதிகளில் பெரும் பெயர்கள், மரே பகுதியில் இளம் டிசைனர்கள். தனிக்கடையில் அந்த டிசைனரின் முழு வரிசையும் கிடைக்கும்.
- அவுட்லெட்: டிஸ்னிலாண்ட் அருகே லா வாலே வில்லேஜ். ஆர்இஆர் ஏ ரயிலில் வால் தெரோப் நிலையத்தில் இறங்க வேண்டும். முந்தைய பருவச் சரக்கு ஆண்டு முழுவதும் குறைந்த விலையில் இருக்கும். தள்ளுபடிக் காலத்தில் இன்னும் குறையும். சில நிறுவனங்கள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைப்பதும் உண்டு என்பதால் துணியைக் கவனிக்க வேண்டும்.
- மறுவிற்பனை: ‘தெப்போ-வாந்த்’ கடைகளிலும், 2009இல் பாரிஸில் தொடங்கிய வெஸ்தியேர் கலெக்டிவ் போன்ற தளங்களிலும் தள்ளுபடிக்கே வராத பொருட்கள் கிடைக்கலாம். தெருவோரத்தில் விற்கும் போலிகளைத் தொடவே கூடாது. பிரான்ஸில் போலிச் சரக்கைத் தெரிந்தே கையில் வைத்திருப்பதும் குற்றம். சுங்கத்தில் பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் கட்ட நேரும்.

6. துணியையும் தையலையும் சோதித்தல்

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒவ்வோர் ஆடையின் உள்பட்டையிலும் நூலிழைச் சேர்மானம் சதவீதத்தில் இருக்கும். பட்டு, கம்பளி, லினன், பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய பெயர் ஒட்டியிருப்பதால் மட்டும் பாலியஸ்டர் பட்டாகிவிடாது. வட்டத்துக்குள் P அல்லது F என்ற எழுத்து இருந்தால் உலர்சலவைக்குரியது. ஒவ்வொரு முறையும் செலவு.

பிறகு ஆடையை உட்புறம் திருப்ப வேண்டும். தையல் நெருக்கமாகவும் நேராகவும் இருக்கிறதா, கோடும் கட்டமும் பக்கத் தையலிலும் பையிலும் இணைகின்றனவா, ஓரத்தில் பிரித்துவிட மிச்சத் துணி இருக்கிறதா, மாற்றுப் பொத்தான் உண்டா என்று பார்க்க வேண்டும். ஜிப்பை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். தள்ளுபடி ஆடை பலர் அணிந்து பார்த்தது. கழுத்துப் பட்டையில் ஒப்பனைக் கறை, இழுபட்ட இழை, தளர்ந்த பொத்தான் ஆகியவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவசியம்.

அணிந்து பார்க்கும்போது உட்கார்ந்து, கையைத் தூக்கி, சில அடி நடந்து பார்க்க வேண்டும். கீழ் ஓரத்தையும் கை நீளத்தையும் நல்ல தையற்காரர் சரிசெய்வார். இடுப்பைப் பிடிப்பதும் எளிது. தோளும் அக்குளும் பொருந்தாத ஆடையைச் சரிசெய்வது ஏறக்குறைய புதிதாகத் தைப்பதற்குச் சமம். அதை விட்டுவிடுவதே நல்லது. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சிறிய அளவு வாங்குவதும் வீண் செலவு.

7. விலைச்சீட்டைப் படித்தல்

சீட்டில் பழைய விலை அடிக்கப்பட்டு, புதிய விலை எழுதப்பட்டிருக்கும். விலைக் குறைப்பு அறிவிக்கும்போது, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய விதி 2022 முதல் கட்டாயப்படுத்துகிறது. முன்னதாகக் கடைக்குச் சென்று குறித்துவந்த முழு விலை இங்கே உதவும். அடித்த விலையைப் பார்த்து மிச்சத்தைக் கணக்கிடாமல், கொடுக்கப்போகும் விலையைப் பட்டியலில் எழுதிய உச்ச விலையோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

வெளிநாட்டு அட்டையில் பணம் கட்டும்போது இயந்திரம் யூரோவா, சொந்த நாட்டு நாணயமா என்று கேட்கும். யூரோவைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் மலிவு; மற்றதில் மாற்று விகிதம் கடை இயந்திரத்தின் விருப்பம்.

8. திருப்பிக் கொடுக்கும் உரிமையை அறிதல்

கடையில் நேரில் வாங்கிய ஆடை பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்குக் கடமை இல்லை, தள்ளுபடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடை தானாக அறிவித்திருந்தால் மட்டுமே அது செல்லும். பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் மறைந்திருந்த குறைபாடு வெளிப்பட்டால், ‘மாற்ற மாட்டோம், திரும்பப் பெற மாட்டோம்’ என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் கடை பொறுப்பேற்க வேண்டும். இணையத்தில் நிறுவனத்திடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். மறுவிற்பனைத் தளத்தில் தனிநபரிடம் வாங்கும்போது இந்த உரிமை கிடையாது.

9. வரியைத் திரும்பப் பெறுதல்

ஆடைகளுக்கு பிரான்ஸில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலையிலேயே சேர்ந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசித்து, ஆறு மாதத்துக்குக் குறைவாக வந்து செல்லும் 16 வயது நிரம்பியவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ‘தெத்தாக்ஸ்’ எனப்படும் இந்த வசதியில், சேவைக் கட்டணம் போகப் பொதுவாக விலையில் 12 சதவீத அளவு கைக்கு வரும். தள்ளுபடி விலைக்கும் இது பொருந்தும்.

1. பணம் கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். வாங்குபவரும் பயணம் செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். பாரிஸில் குடியிருக்கும் உறவினர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தால் வரி திரும்பாது.
2. விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன், ‘பாப்லோ’ இயந்திரத்தில் படிவத்தின் குறியைக் காட்ட வேண்டும். பச்சைத் திரை வந்தால் முடிந்தது. இல்லையென்றால் சுங்க அதிகாரியிடம் போக வேண்டும். பொருளைக் காட்டச் சொல்லலாம்.
3. வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் வழியாக வெளியேறினால், அங்குள்ள சுங்கத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

இங்கே பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, வசிப்பிடம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் புதுச்சேரித் தமிழர்களும், ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பதற்கான சான்று காட்டினால் இந்த வரியைத் திரும்பப் பெறலாம். இந்தியா திரும்புபவர்கள் பயண நாளில் நடப்பிலுள்ள சுங்க விலக்கு வரம்பைப் பார்த்து, ரசீதுகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

10. கடைசிச் சரிபார்ப்பு

பணம் கட்டும் வரிசையில் நிற்கும்போது மூன்று கேள்விகள் போதும். இது பட்டியலில் இருந்ததா? விலை, எழுதிய உச்சத்துக்குள் இருக்கிறதா? தோளில் சரியாக உட்காருகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் வாங்கலாம். ஒன்றுக்காவது ‘இல்லை’ என்றால் ஆடையை மீண்டும் மாட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். ஜனவரியில் அடுத்த தள்ளுபடி வரும்.