விண்ணில் ஒரு காவற்கண்

வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டு ஆய்வுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1963ஆம் ஆண்டு கையெழுத்தானது. அதனை மீறுவோரைக் கண்காணிக்க அமெரிக்கா ‘வேலா’ என்னும் செயற்கைக்கோள்களை ஏவியது. அணுகுண்டு வெடிக்கும்போது வெளிப்படும் காமாக் கதிர்களை அவை உணரும். 1967 ஜூலை 2 அன்று அவை பதிவுசெய்த கதிர்வீச்சோ எந்தக் குண்டின் இயல்போடும் பொருந்தவில்லை. பின்னர் இத்தகைய வெடிப்புகள் பல பதிவாயின. வெவ்வேறு செயற்கைக்கோள்களைக் கதிர்கள் வந்தடைந்த கால வேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணித்த அறிஞர்கள், அவை புவியிலோ கதிரவனிலோ தோன்றியவை அல்ல என்று 1973இல் அறிவித்தனர்.

உயிர்களுக்கு ஊறு விளைவிக்கும் காமாக் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. எனவே அவற்றை நேரடியாகக் காணும் தொலைநோக்கி விண்வெளியில் இருத்தல் வேண்டும். சாதாரண ஆடியால் அவற்றைக் குவிக்கவும் இயலாது. 2008இல் ஏவப்பட்ட ‘ஃபெர்மி’ தொலைநோக்கியில் மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் மோதும் காமாக் கதிர், எலக்ட்ரானாகவும் பாசிட்ரானாகவும் மாறுகிறது. அவ்விரு துகள்களும் செல்லும் தடமே கதிர் வந்த திசையைக் காட்டுகிறது.

2017 ஆகஸ்டு 17 அன்று, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததால் எழுந்த ஈர்ப்பலைகள் புவியை அடைந்தன. 1.7 நொடி கழித்து ஃபெர்மியின் மற்றொரு கருவி காமாக் கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பதை இது உறுதிப்படுத்தியது. அவ்விணைவின் பின்னொளியை ஆராய்ந்தபோது, பொன் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய நிகழ்வுகளில் உருவாவதற்குச் சான்று கிடைத்தது. போரச்சத்தால் தொடங்கிய கண்காணிப்பு, பொன்னின் பிறப்பிடத்தை அறியும் அறிவியலாக வளர்ந்தது.