டிராவின் மதிப்பு



உன் கடிதம் கிடைத்தது. ஸோனல் கால்பந்துப் போட்டியின் கடைசி நால்வர் லீக்கில் உங்கள் கல்லூரி அணி ஒருவரிடமும் தோற்கவில்லை என்றும், ஓர் ஆட்டத்தை வென்று மற்ற இரண்டையும் டிரா செய்து ஐந்து புள்ளிகளோடு நீங்கள் நின்றுவிட, உங்களிடமே தோற்றுப்போன அணி மற்ற இருவரையும் வென்று ஆறு புள்ளிகளோடு கோப்பையைத் தூக்கிச் சென்றது என்றும் எழுதி, "இது என்ன நியாயம் சார்?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானதே. ஆனால் அதன் கீழேயே, டிரா என்பது தோல்விக்குச் சமானம், ஆகையால் அடுத்த சீசனில் ஓர் ஆட்டத்தையும் டிராவில் விடுவதில்லை என்று ஒரு பிரதிக்ஞையும் செய்திருக்கிறாயே, அதுதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது. இந்த அபிப்பிராயத்தை டீக்கடைப் பெஞ்சில் கேட்டுச் சலித்தவன் நான். காலேஜ் அணியின் காப்டனிடமிருந்தும் கேட்கப் பொறுமை இல்லை.

வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பதே நெடுங்காலச் சம்பிரதாயம். இங்கிலாந்து லீக் 1981-ல் அதை மூன்றாக்கிற்று. உலகக் கோப்பையில் அது 1994-ல் வந்தது. பழைய முறையாயிருந்தால் நீங்களும் அவர்களும் ஆளுக்கு நான்கு புள்ளிகளோடு சமமாக நின்றிருப்பீர்கள். தாக்கி ஆடுகிறவனுக்குப் பரிசு கொடுக்கவேண்டும் என்பதற்காகவே விதியை மாற்றினார்கள். அந்தப் பரிசு அவர்களுக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கிறது. இரு தரப்பும் சமம். அப்படியே விட்டால் ஒரு புள்ளி நிச்சயம். எல்லோரையும் முன்னே அனுப்பினால் ஒன்று வெல்வாய், அல்லது தோற்பாய் என்று வைத்துக்கொள். வெல்லும் சாத்தியம் மூன்றில் ஒன்றுக்கு மேலிருந்தால் துணிவதே லாபம். குறைந்தால் டிராவே லாபம். பழைய விதியில் இந்த எல்லை சரிபாதியாக இருந்தது. ஆகவே, டிரா நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. யாரோடு, எந்த நேரத்தில், எந்தத் திசையில் ஆடுகிறாய் என்று கேட்கவேண்டும்.

திசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரி ஆட்டங்கள் தொடங்கும் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இருக்கிறதே, அது எந்தக் கோச்சுக்கும் அடங்காத பன்னிரண்டாவது ஆட்டக்காரன். மேற்கு நோக்கி அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாமல் மேலே எழும்பி, அடித்தவன் பக்கமே திரும்பி விழுவதை நீ பார்த்திருப்பாய். இரண்டாவது பாதியில் அந்தக் காற்றை எதிர்த்து, உங்களைவிட வலிய அணியோடு சமத்தில் நிற்கும்போது ஸ்டாப்பர் பேக்கை முன்னே அனுப்புகிறவனை வீரன் என்று கைதட்டுவார்கள். நான் அவனைக் கணக்குத் தெரியாதவன் என்பேன். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதன் ரஸத்தை நான் வகுப்பறையைவிடக் கால்பந்து மைதானத்தில்தான் அதிகம் அநுபவித்திருக்கிறேன். பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவை வள்ளுவர் காட்டுவது காலமறிதலில் என்பதைக் கவனி. பின்வாங்குவதே குற்றம் என்று அவர் சொல்லவில்லை.

உனக்குப் புத்தகத்து உதாரணம் பிடிக்காது. நம்மூர் உதாரணமே சொல்கிறேன். 2018-19 ஐ-லீக் சீசனில், பெயரில் சென்னையும் மைதானத்தில் கோவையுமாக ஆடிய சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளோடு சாம்பியன் ஆயிற்று. ஈஸ்ட் பெங்கால் 42. இருபது ஆட்டங்களில் இரண்டு அணிகளும் வென்றவை பதின்மூன்று பதின்மூன்றுதான்! சென்னை சிட்டி நான்கு டிரா, மூன்று தோல்வி. ஈஸ்ட் பெங்கால் மூன்று டிரா, நான்கு தோல்வி. சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி அடித்த கோல்களைப் பற்றி ஊரே பேசிற்று, பேசவேண்டியதுதான். ஆனால் பட்டத்தைத் தீர்மானித்தது தோல்வியாகாமல் காப்பாற்றப்பட்ட ஒரே ஓர் ஆட்டம் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், புள்ளிப் பட்டியல் சிரிக்கவில்லை.

அதே அணி டிராவை உதறியதும் உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில், முந்தைய ஆண்டுச் சாம்பியனான மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் அடித்துவிட, இடைவேளை வரை நம்மவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதே சமயத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றால் அந்தச் சமம் போதாது. 41 புள்ளியோடு இரண்டாமிடம்தான். அப்போது துணியவேண்டும், துணிந்தார்கள். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்து 3-1 ஆக்கினார். ஈஸ்ட் பெங்காலும் அன்று வென்றது என்பதை மறந்துவிடாதே.

இப்போது உன் சீசனுக்கு வா. நீங்கள் வென்றது வலிய அணியை. டிரா செய்தது இரண்டு எளிய அணிகளோடு. அந்த ஆட்டங்களில் கடைசிப் பத்து நிமிஷம் பின்னாலேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். வெல்லும் சாத்தியம் மூன்றில் ஒன்றைவிட எத்தனையோ அதிகமாக இருந்த இடத்தில் ஒரு புள்ளியோடு திருப்தி அடைந்தீர்கள். பிசகு டிராவில் இல்லை. அதை வாங்கிய இடத்தில் இருக்கிறது. அடுத்த சீசன் தொடங்குமுன் அந்தப் பிரதிக்ஞையைக் கிழித்துப்போடு. எந்த அணியோடு டிரா போதும், எதனோடு போதாது என்று ஒரு பட்டியல் எழுதி, உங்கள் கோச்சிடம் காட்டி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.