தூதுவளையும் லேசியைப் பாடமும்

வேலியோரங்களிலும் கொல்லைப்புறங்களிலும் எவரும் நடாமலே படர்ந்தேறும் கொடிகளுள் தூதுவளையும் ஒன்று. கத்தரி, சுண்டை, கண்டங்கத்தரி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. தண்டிலும் இலை நரம்பிலும் வளைந்த முட்கள், ஊதா நிற மலர், சுண்டைக்காய் போன்ற பசுங்காய். பழுத்தால் செந்நிறம் பெறும். இலையைத் துவையலாகவும் ரசமாகவும், காயை வற்றலாகவும் உண்பது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். சளிக்கும் இருமலுக்கும் சித்த மருத்துவம் இதனைப் பெரிதும் கொள்கிறது.

மருந்துக்கென வருவோர் சிலர் கொடியையே வேரோடு பிடுங்கிச் செல்லக் காண்கிறோம். வேர், தண்டு, இலை, பூ, காய் அனைத்தையும் சேர்த்துச் 'சமூலம்' என்பர். ஒருவேளை ரசத்திற்கோ ஒரு கைப்பிடி இலையே மிகுதி. அதற்காக ஓர் ஏகேந்திரிய உயிரை அடியோடு மாய்த்தல் முறையாகுமா?

இவ்விடத்தில், ஆசாரியர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் அருளிய கோம்மடசாரத்து ஜீவகாண்டத்தில் வரும் அறுவரை நினைவு கூர்வோம். காட்டிடை வழி தவறிய அவர்கள் கனி நிறைந்த மரமொன்றைக் கண்டனர். வேரோடு சாய்த்து உண்போம் என எண்ணியவன் கிருஷ்ண லேசியையன். அடிமரத்தை வெட்ட நினைத்தவன் நீல லேசியையன். பெருங்கிளையை நினைத்தவன் கபோத லேசியையன், சிறுகிளையை நினைத்தவன் பீத லேசியையன். கனியை மட்டும் பறிக்க எண்ணியவன் பத்ம லேசியையன். தானே உதிர்ந்ததை எடுத்துண்போம் என்றவனே சுக்ல லேசியையன். பசி அறுவர்க்கும் ஒன்றே. எவரும் இன்னும் மரத்தைத் தொடவுமில்லை. எண்ணத்தளவிலேயே லேசியை வேறுபட்டு விட்டது என்பதைக் கருதுதல் வேண்டும்.

தூதுவளையிலும் வேரைத் தொடாது, வேண்டிய இலையையும் காயையும் மட்டும் கொய்யலாம். உதிர்ந்த கனியாயினும் எறும்பு ஏறியிருக்கக்கூடும். நோக்கியே எடுத்தல் வேண்டும். இலையின் பின்புறத்தில் முள்ளோடு சிற்றுயிர்களின் முட்டைகளும் ஒட்டியிருக்கும். முள்ளை நீக்கும்போதே ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பது நம் பாட்டிமார் கைப்பழக்கம். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிகுதலால் கீரை வகைகளை விலக்கும் நியமமுடையோரும், பல விதையுடைய கனி எனப் பழத்தை விலக்குவோரும் உளர். அவர்தம் நியமத்தை நாம் குறை கூறோம்.

மற்றொன்று. தூதுவளைச் சாற்றைத் தேனில் குழைத்து உண்ணுமாறு பலரும் கூறுவர். கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சிராவகரின் எட்டு மூலகுணங்களில் அடங்கும். மருந்து என்னும் பெயரால் தேன் நம் அடுக்களையில் நுழைவது இப்போது மிகுந்து வருவது வருந்தத்தக்கது. பனங்கற்கண்டோ வெல்லமோ சேர்த்தாலும் சாறு எளிதில் தொண்டையில் இறங்கும். சிறுவரும் மறுக்காமல் குடிப்பர்.

கஷாயத்தை இரவுக்கென மூடி வைக்கும் பழக்கமும் சில இல்லங்களில் உண்டு. இரவுண்ணாமை நோற்போர் அதனைப் பிற்பகலிலேயே வடிகட்டிய நீரில் காய்ச்சி, கதிரவன் மறையுமுன் அருந்திவிடுதல் நன்று. முதியோர்க்கும் குழந்தைகட்கும் இதில் எவ்வளவு தளர்வு என்பது அவரவர் ஏற்ற விரதத்தின் அளவைப் பொறுத்தது.