ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கேள்வி: இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். பழைய பெற்றோல் கார், கியர் மாற்றி ஓட்டுவது. நேற்றிரவு பனி வழிக்கும் வண்டி வருகிறதென்று காரை எடுத்துப் பக்கத்து இடத்தில் விட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் வரவில்லை. பெற்றோல் மணக்கிறது. பற்றரி போன வருடம் மாற்றியது. கேபிள் போடட்டுமா, கராஜுக்கு இழுத்துப்போகட்டுமா?
— வாசகி, இன்டர்லாக்கன்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் பற்றரியில் குறையில்லை. கேபிள் போட்டுப் பயனில்லை.

காரைச் சில மீற்றர் நகர்த்தி உடனே நிறுத்தியதுதான் வினை என்று நினைக்கிறேன். குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. அதனால் எஞ்சின் சூடாகும்வரை கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெற்றோல் பீய்ச்சும். சூடாகுமுன் நிறுத்தினால் எரியாத மிச்சம் சிலிண்டருக்குள் தங்கிவிடும். பிளக் நனைந்து பொறி விழாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலமும் கழுவப்பட்டு அமுக்கம் குறையும். எதிர்ப்பு குறைந்ததால்தான் ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது. மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினால் இன்னும் பெற்றோல் சேரும்.

அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சையும் அக்சிலரேட்டரையும் அடிவரை மிதித்துக்கொண்டு பத்து விநாடிக்கு மேற்படாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் உள்ள பெரும்பாலான கார்களில், சுற்றும்போது அக்சிலரேட்டர் முழுதும் அமுங்கியிருந்தால் கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும், ஈரம் காயும். எஞ்சின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். முதலில் கொஞ்சம் புகையும், பயப்பட வேண்டாம். மூடிய கராஜுக்குள் இருந்தால் கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து இன்னொரு முறை பாருங்கள். அத்தோடு நிறுத்துங்கள்.

அப்போதும் வராவிட்டால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் பல கார்களில் பின்சீற்றுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெற்றோல் பம்ப். வழக்கமாகக் கேட்பது இன்று கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். அடுத்து டாஷ்போர்டு: சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியால் முயலுங்கள். கடைசியாக, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசையாவிட்டால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வரும். சில கார்களில் நல்ல நிலையிலும் அந்த முள் அசையாது என்பதால், ஸ்கேனர் போட்டுத்தான் உறுதி செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. டைமிங் பெல்ட் அறுந்தாலும் ஸ்டார்ட்டர் இப்படித்தான் இலகுவாக, ஒரே சீராகச் சுற்றும். உங்கள் காரில் பெல்ட் மாற்றும் காலம் தாண்டியிருந்தால், இந்த முயற்சி எதுவும் வேண்டாம். பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். கராஜுக்கோ, வாகனச் சங்கமான டிசிஎஸ்ஸின் சாலை உதவி எண் 140-க்கோ அழையுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். எரியாத பெற்றோல் சைலன்சர் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும்.

டீசல் கார்க்காரருக்கு இது பொருந்தாது. அதில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. குளிரில் முதல் சந்தேகம் குளோ பிளக் மேல். கோடையில் இத்தாலிப் பக்கம் நிரப்பிய டீசலோடு 1,034 மீற்றர் உயரத்திலுள்ள கிரின்டெல்வால்டில் பனி இரவைக் கழித்தால், டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கவும் கூடும்.

இனிமேல் பனி வண்டிக்காகக் காரை எடுத்தால், வில்டர்ஸ்வில் வரை போய்த் திரும்பி வந்து நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்க நினைக்காதீர்கள். சுவிஸ் சாலை விதிப்படி அது குற்றம், அபராதம் வரும். அவ்வளவு தூரம் போக நேரமில்லையென்றால், சமதரையில் இன்னொருவரைக் கூப்பிட்டுத் தள்ளிவிடுங்கள். ஸ்டியரிங் பூட்டு விழாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கில் இருப்பது அவசியம். எஞ்சின் ஓடாதபோது பிரேக் கனக்கும். பலமாக மிதிக்க வேண்டும்.