லேசான உலோகம், இறுகிய பிடி
ஹைட்ரஜன் சேமிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஹைட்ரஜனை வாயுவாக அழுத்தியோ திரவமாகக் குளிர்வித்தோதான் சேமிக்க முடியும்.

உண்மை: 700 பார் அழுத்தத்தில் ஒரு கன மீட்டரில் சுமார் 40 கிலோ ஹைட்ரஜன் அடங்கும், மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினால் 71 கிலோ. அதே கன அளவுள்ள மெக்னீசியம் ஹைட்ரைடுப் படிகத்திலோ ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். ஹைட்ரைடு எனும் சேர்மத்தில் உலோகத்தோடு பிணைந்த ஹைட்ரஜன் அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக அமர்கின்றன.

நம்பிக்கை: எடையில் அதிக ஹைட்ரஜன் உள்ள ஹைட்ரைடே சிறந்தது.

உண்மை: லித்தியம் போரோஹைட்ரைடில் 18.5 விழுக்காடு ஹைட்ரஜன். அதில் பெரும்பகுதியை வெளியே எடுக்க 400 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அலுமினியம் ஹைட்ரைடில் 10 விழுக்காடு; சுலபமாகக் கொடுத்துவிடும். ஆனால் காலியான அலுமினியத்தில் வாயுவை நேராகத் திரும்ப ஏற்ற ஆயிரக்கணக்கான பார் அழுத்தம் தேவை. லாந்தனம்–நிக்கல் கலவையில் வெறும் 1.4 விழுக்காடுதான், ஆனால் அறை வெப்பத்திலேயே ஏறும், இறங்கும். ஜெர்மனியின் 212ஏ நீர்மூழ்கிகள் கனமான உலோக ஹைட்ரைடுகளைத்தான் சுமக்கின்றன; அங்கே எடை ஒரு குறையில்லை.

நம்பிக்கை: மெக்னீசியத்தை ஹைட்ரஜனில் சூடாக்கினால் ஹைட்ரைடு தயார்.

உண்மை: உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடுத் தோல் வாயுவைத் தடுக்கும். அதைத் தாண்டி முதலில் உருவாகும் ஹைட்ரைடு அடுக்கே அடுத்து வரும் ஹைட்ரஜனுக்கு வழியை அடைத்துவிடும். அதனால் எஃகுக் குண்டுகள் போட்ட மூடிய கலத்தில், ஹைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவுக்குள், பொடியைப் பல மணி நேரம் அரைக்கிறார்கள். தோல் உடைகிறது; புதுப்புது பரப்பு வெளிப்படுகிறது; படிகங்கள் நானோ அளவுக்குச் சிறுக்கின்றன. சிறிதளவு நயோபியம் ஆக்சைடு சேர்த்து அரைத்தால், மணிக்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களில் முடிகிறது. அரைத்த பொடி காற்று பட்டால் கெடும், தீப்பிடிக்கவும் கூடும். ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள்தான் கையாள வேண்டும்.

நம்பிக்கை: நல்ல வினையூக்கி கிடைத்தால் வெப்பச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உண்மை: வினையூக்கி வேகத்தைத்தான் கூட்டும், பிணைப்பை அறுக்கத் தேவையான வெப்பத்தைக் குறைக்காது. மெக்னீசியம் ஹைட்ரைடில் அது ஒரு மோல் ஹைட்ரஜனுக்குச் சுமார் 75 கிலோஜூல். வெளிவரும் ஹைட்ரஜன் எரிந்து தரும் ஆற்றலில் ஏறக்குறைய 30 விழுக்காடு. நிரப்பும்போது அதே வெப்பம் வெளியேறும். ஒரு காருக்கு 5 கிலோவை 5 நிமிடத்தில் ஏற்றினால் 600 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை அகற்றியாக வேண்டும். வெப்பத் தேவையைக் குறைக்க வேண்டுமானால் சேர்மத்தையே மாற்ற வேண்டும். டைட்டானியத்தை வினையூக்கியாகச் சேர்த்த சோடியம் அலனேட் (சோடியம்–அலுமினியம் ஹைட்ரைடு) ஹைட்ரஜனை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் என்று 1997இல் ஜெர்மனியின் போக்டானோவிச்சும் ஷ்விக்கார்டியும் காட்டினார்கள். இந்தச் சேர்மத்தில் மெக்னீசியம் ஹைட்ரைடைவிட வெப்பத் தேவை குறைந்தது. கூடவே கொள்ளளவும் 5.6 விழுக்காட்டுக்குள் சுருங்கியது.

ஆகவே, புதிய ஹைட்ரைடு என்று செய்தி வந்தால் விழுக்காட்டோடு நிற்காதீர்கள்: எந்த வெப்பத்தில் தருகிறது, எந்த அழுத்தத்தில் திரும்ப ஏற்கிறது என்றும் பாருங்கள்.