நாலு மணி டீயும் ஒரு கிண்ணம் பஞ்சும்

நாலு மணிக்கு எட்டுப் பேர் டீக்கு வருகிறார்கள் என்றால், வேலை முந்தின நாள் இரவே தொடங்கிவிடுகிறது. அதுவும் அடுப்பில் அல்ல, ஃப்ரீசரில். ஒரு லிட்டர் பிடிக்கும் டிபன் டப்பாவில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, நாலைந்து எலுமிச்சை வில்லைகளைப் போட்டு உறைய வையுங்கள். பஞ்ச் கிண்ணத்தில் மிதக்க இந்த ஒற்றைப் பெரிய கட்டிதான் வேண்டும். சின்ன ஐஸ் துண்டுகள் போட்ட வேகத்தில் கரைந்து பானத்தைத் தண்ணீராக்கிவிடும். பெரிய கட்டி மெல்லத்தான் கரையும்.

மாலை டீ விருந்து இங்கிலாந்துப் பழக்கம். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு டச்சஸ் அன்னா, மதியச் சாப்பாட்டுக்கும் நேரங்கழித்து வரும் இரவு விருந்துக்கும் நடுவே பசி தாங்காமல், டீயும் ரொட்டியும் வெண்ணெயும் தன் அறைக்கே வரவழைத்துக்கொண்டார் என்றும், பிறகு தோழிகளையும் கூட்டிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அன்றிலிருந்து அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை: இரண்டு வாயில் தீர்கிற சாண்ட்விச், சூடான ஸ்கோன், ஒரு கேக், நல்ல டீ. இதோடு கோடைக்காலத்தில் ஒரு பஞ்சோ காக்டெய்லோ சேரும். இரண்டு மணி நேரம் பேச்சு. அவ்வளவுதான்.

இதை வீட்டில் நடத்துகிறவர்கள் சறுக்குவது சமையலில் அல்ல, நேரக் கணக்கில். விருந்தினர் கூடத்தில் சிரித்துக்கொண்டிருக்க, அழைத்தவர் மட்டும் அடுப்படியில் வேர்த்துக்கொண்டிருப்பார். ஆகவே வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: ஆறியோ குளிர்ந்தோ பரிமாறுவதெல்லாம் முந்தின இரவும் காலையும் முடிந்துவிட வேண்டும். நாலு மணிக்குச் சூடாக வருவது ஸ்கோனும் டீயும் மட்டும். மதுவோ, எல்லாவற்றுக்கும் கடைசியாக, கேட்டவர் கிளாஸில் மட்டும். பஜ்ஜியும் போண்டாவும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவற்றைப் போட ஆரம்பித்தால் ஒருவர் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. இந்த ஒரு நாள் அவற்றுக்கு விடுமுறை கொடுத்துவிடலாம்.

முந்தின இரவு

ஃப்ரீசர் வேலை முடிந்ததும் பஞ்சுக்கான டீ. இதைக் கொதிக்க வைக்க வேண்டாம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 10 கிராம் இலைத் தேயிலை போட்டு, மூடி, எட்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டுங்கள். துவர்ப்பு குறைவாக, மணம் தெளிவாக இறங்கியிருக்கும். கடுப்பாகக் கொதிக்க வைத்து வடித்த டீயை ஆற வைத்தால் கலங்கி, பால் சிந்தியது போல் வெளிறிப்போகும். சூட்டில் கரைந்து நின்ற காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ருசிக்குக் கேடில்லை, கண்ணாடிக் கிண்ணத்தில் பார்க்கத்தான் அழகில்லை. நீலகிரித் தேயிலைக்கு இந்தக் கலங்கல் குறைவு என்பதால் ஐஸ் டீ தயாரிப்பவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து இலைத் தேயிலை கிடைத்தால் அதையே எடுங்கள். டஸ்ட் டீ இங்கே உதவாது.

அடுத்தது எலுமிச்சைப் பாகு. ஆறு எலுமிச்சைகளின் மஞ்சள் தோலை மட்டும், அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி வராமல், காய் சீவும் கத்தியால் மெல்லியதாகச் சீவுங்கள். அதில் 200 கிராம் சர்க்கரையைக் கொட்டி விரலால் நன்றாகக் கசக்கி, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் பார்த்தால் தோலிலிருந்த எண்ணெயைச் சர்க்கரை இழுத்து ஈரமாகி, கிண்ணமே மணக்கும். அதில் 200 மி.லி. வெந்நீர் விட்டுக் கரைத்து வடித்தால் பாகு தயார். தோல் போன எலுமிச்சைகளை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாறு மறுநாள் பிழிந்தால்தான் புதிதாக இருக்கும்.

பஞ்ச், முதலில் மது இல்லாமல்

கரீபியன் தீவான பார்படோஸில் ரம் பஞ்சுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, பாகு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு. தண்ணீர் இருந்த இடத்தில் டீயை வைத்தால் டீ பஞ்ச் வந்துவிடும். இங்கிலாந்தில் ரீஜென்ட் பட்டத்து இளவரசர் பெயரில் வழங்கும் பஞ்சிலும் கிரீன் டீ சேரும். ஆக, டீயும் மதுவும் ஒரே கிண்ணத்தில் சேர்வது புது மோஸ்தர் இல்லை.

பழைய கணக்கின் இனிப்பு இன்றைய நாக்குக்கு அதிகம். எட்டுப் பேருக்கு 150 மி.லி. எலுமிச்சைச் சாறு, 225 மி.லி. பாகு, 600 மி.லி. குளிர்ந்த டீ போதும். மூன்றையும் பெரிய கிண்ணத்தில் கலக்கி, ஐஸ் கட்டியை இறக்கி, மேலே ஜாதிக்காயைத் துருவுங்கள். பொடியாக விற்பதை வாங்காமல் முழுக் காயை அப்போதே துருவினால்தான் அந்த மணம் வரும்.

ரம் கிண்ணத்துக்குள் போகக்கூடாது. பாட்டிலும் 45 மி.லி. அளவுக் குப்பியும் பக்கத்தில் இருக்கட்டும். வேண்டியவர் கிளாஸில் முதலில் ரம், மேலே 120 மி.லி. பஞ்ச். வேண்டாதவருக்குப் பஞ்ச் மட்டும். குடிக்காத சித்திக்கும், மருந்து சாப்பிடும் மாமாவுக்கும், கர்ப்பமாக இருக்கும் தோழிக்கும் ஓரமாக ஒரு ஆரஞ்சு ஜூஸ் டப்பாவை நீட்டுவது நம் விருந்துகளில் சாதாரணம். டீ விருந்தில் அது மரியாதைக் குறைவு. எல்லோர் கையிலும் ஒரே நிறத்தில் ஒரே பானம் இருந்தால், யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்ற பேச்சே எழாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் ரம் பாட்டிலை உயரத்தில் வைத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் ஊற்றட்டும். தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21 என்பதால் கல்லூரி மாணவர்களுக்கும் பஞ்ச் மட்டும்தான்.

இலங்கையில் இருப்பவர்கள், அல்லது அங்கிருந்து ஒரு பாட்டில் வந்து சேர்ந்தவர்கள், ரம்முக்குப் பதில் தென்னம்பாளைக் கள்ளிலிருந்து வடித்த சிலோன் அராக்கைச் சேர்க்கலாம். சிலோன் டீயோடு அது நன்றாகவே ஒத்துப்போகும்.

கொஞ்சம் வித்தை காட்ட ஆசைப்படுபவர்களுக்கு இன்னொன்று: ஏர்ல் கிரே மார்டீனி. நியூயார்க்கில் 2005-இல் பெகு கிளப் என்ற பாரைத் திறந்த ஆட்ரி சாண்டர்ஸ் உருவாக்கியது. பெர்கமாட் எண்ணெய் மணமேற்றிய ஏர்ல் கிரே இலை நாலு மேசைக்கரண்டியை 750 மி.லி. ஜின்னில் போட்டு, இரண்டு மணி நேரத்தில் வடிகட்டிவிட வேண்டும். மறந்து இரவு முழுக்க விட்டால் கசந்துவிடும். ஒரு கிளாஸுக்கு இந்த ஜின் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 30, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி நுரை வரவழைத்து, பிறகு ஐஸ் போட்டு மறுபடி குலுக்கி வடியுங்கள். டீயின் துவர்ப்பை வெள்ளைக்கரு அடக்கும். பச்சை முட்டை வேண்டாம் என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த நீர் இரண்டு மேசைக்கரண்டி அதே நுரையைத் தரும். குலுக்கும் கொள்கலன் இல்லையா, இறுக்கமான மூடி போட்ட ஊறுகாய் ஜாடி போதும். நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கிளாஸ் கிளாஸாகத்தான் செய்ய முடியும் என்பதால் இரண்டு மூன்று பேருக்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ செய்யலாமே என்று ஒருவராவது கேட்பார். அதில் டீ ஒரு துளியும் கிடையாது. ஐந்து வகை மது இருக்கிறது. நாலு மணி வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

தட்டில் என்ன

காலையில் கேக். விக்டோரியா ஸ்பாஞ்சுக்குக் கணக்கு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்று முட்டைகளை ஓட்டோடு எடை போடுங்கள். அதே எடைக்கு வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இரண்டு 18 செ.மீ. தட்டுகளில் பிரித்து, 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். நடுவில் ஜாம், மேலே சர்க்கரைத் தூள். ஐசிங் வேண்டாம்.

வெள்ளரிக்காய் சாண்ட்விச் பார்க்கத்தான் எளிது. ஆஸ்கர் வைல்டின் 1895 நாடகத்தில், அத்தைக்காகச் செய்து வைத்ததை மருமகன் ஒருவனே தின்று தீர்த்துவிடுவான். அந்த ருசி வர வேண்டுமானால் தண்ணீரை விரட்ட வேண்டும். இரண்டு வெள்ளரிக்காய்களைத் தோல் சீவி, கண்ணாடி போல நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வடிதட்டில் வைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். ரொட்டித் துண்டுகளில் வெண்ணெயை ஓரம் வரை இடைவெளி விடாமல் பூசுங்கள். வெண்ணெய்ப் பூச்சுதான் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் சுவர். வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. ஓரங்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றையும் மூன்று விரல் துண்டுகளாக்கினால் 16 ரொட்டித் துண்டுகளில் 24 கிடைக்கும், ஆளுக்கு மூன்று. பிழிந்த ஈரத்துணியால் மூடி வைத்தால் காயாது. வெட்டிய ஓரங்கள் மறுநாள் கட்லெட்டுக்கு ரொட்டித்தூள்.

ஸ்கோன்தான் விருந்தின் கதாநாயகன். அதற்கு 500 கிராம் மைதா, ஐந்து டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, 60 கிராம் சர்க்கரை, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போது எடுத்த வெண்ணெய் 100 கிராம். வெண்ணெயை விரல் நுனியால் மாவில் தேய்த்துப் புட்டு மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளங்கை படக்கூடாது, சூட்டில் உருகிவிடும். இதுவரை காலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மூன்றரை மணிக்கு 300 மி.லி. வரை குளிர்ந்த பாலைச் சிறுகச் சிறுக விட்டு, ஒன்றுசேர்ந்தவுடன் நிறுத்துங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். இரண்டரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். அச்சைத் திருகினால் ஓரம் அடைபட்டு, வேகும்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மேலே பால் தடவும்போது பக்கவாட்டில் வழியக்கூடாது, அதற்கும் இதே காரணம். 220 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். பதினாறு வரும்.

இதற்குத் துணை ஜாமும் கிளாட்டட் கிரீமும். அந்தக் கிரீம் நம் ஊர்க் கடைகளில் அரிது. கார்ன்வாலில் பாலேட்டை மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வைத்து, ஆறவிட்டு, மேலே கட்டிநிற்பதை எடுக்கிறார்கள். கொழுப்பு 55 சதவீதத்துக்குக் குறையாது. எருமைப் பாலைச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விட்டு, இரவு முழுக்கக் குளிரவைத்து எடுக்கும் தடித்த ஏடு அதற்கு வெகு அருகில் வரும். முதலில் கிரீமா ஜாமா என்ற சண்டை டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் இன்னும் ஓயவில்லை. டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை. சூடான ஸ்கோனில் ஏடு வழுக்கி உருகும் என்பதால் ஜாம் முதலில் என்பதே வசதி.

கடைசியாக டீ

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் டீ. கெட்டிலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, 200 மி.லி. கோப்பைக்கு இரண்டரை கிராம் இலை, அதாவது ஒரு டீஸ்பூன். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி நாலு நிமிடம். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரம் 100 மி.லி.க்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்கிறது. அது தேயிலைச் சுவைஞர்கள் குறை கண்டுபிடிப்பதற்கான கடுப்பு, விருந்தினருக்கு அல்ல. முடிந்தால் இரண்டு கெட்டில்கள். தீர்ந்த இலையில் மறுபடி வெந்நீர் விடாமல் புது இலை போடுங்கள். பாலும் சர்க்கரையும் தனியாகப் போகட்டும். பிகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் டீக்கு 11 விதிகள் எழுதினார். இந்திய அல்லது சிலோன் தேயிலைதான் வேண்டும் என்பது முதல் விதி. டீயை ஊற்றிவிட்டுப் பிறகு பால் என்பது இன்னொன்று.

வரிசை இப்படி இருக்கட்டும்: வந்ததும் கையில் பஞ்ச், பிறகு சாண்ட்விச், சூடாக ஸ்கோனும் டீயும், கேக் கடைசி. வெறும் வயிற்றில் ரம் இறங்காமலிருக்க, கேட்பவர்களுக்கு அதைச் சாண்ட்விச் தட்டு சுற்றி வந்த பின்பே ஊற்றுங்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். ஒரு கிளாஸே சிலரை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். ஆகவே ரம் கேட்பவரிடம் வண்டிச் சாவியையும் கேட்டு வாங்கிவைத்து, போகும்போது ஆட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள்.