பத்து மில்லிமீட்டர் அழுத்தம்

நுழையும்முன்

உடலெங்கும் ஓடும் குருதியிலிருந்து கழிவைப் பிரித்தெடுப்பவை சிறுநீரகங்கள். அப்பணிக்கு உந்துவிசையாக அமைவது எது? வெப்பமிகுந்த பணியிடங்களில் உழைப்போர்க்கு அவ்விசை ஏன் குன்றுகிறது? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடம்.

வரத்தும் வெளியேற்றமும்

கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை ஆறு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. வரத்தைவிட வெளியேற்றம் குறைந்தால் அணையின் நீர்மட்டம் உயரும். சிறுநீரகத்தின் அமைப்பும் இதனை ஒத்ததே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரானின் தொடக்கத்தில், குளோமருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சு பௌமானின் கிண்ணத்துள் பொதிந்துள்ளது. குருதியைக் கொணரும் உட்செல் நுண்தமனி அகன்றது. கொண்டுசெல்லும் வெளிச்செல் நுண்தமனி குறுகியது. ஆகவே, முடிச்சினுள் அழுத்தம் உயர்ந்து நிற்கிறது.

மூன்று அழுத்தங்கள்

குளோமருலஸின் குருதி அழுத்தம் ஏறத்தாழ 55 மி.மீ. பாதரசம். இது நீரையும் கரைபொருள்களையும் கிண்ணத்துள் தள்ளுகிறது. வடிகட்டப்படாமல் குருதியிலேயே தங்கும் புரதங்கள் 30 மி.மீ. அளவிலான ஊடுகலப்பு அழுத்தத்தால் நீரைத் திரும்ப ஈர்க்கின்றன. கிண்ணத்தில் நிறைந்த நீர்மமும் 15 மி.மீ. அழுத்தத்துடன் எதிர்த்து நிற்கிறது.

நிகர வடிகட்டும் அழுத்தம் = 55 – (30 + 15) = 10 மி.மீ. பாதரசம்

இச்சிறு வேறுபாடே நிமிடத்திற்கு 125 மி.லி., நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிநீரை உருவாக்குகிறது. அதில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீண்டும் குருதியில் சேர, எஞ்சியது சிறுநீராகிறது.

சமநிலை குலையும்போது

ஓசூரின் வார்ப்பாலைகளிலும் கிருஷ்ணகிரியின் கருங்கல் குவாரிகளிலும் உழைப்பவர் வியர்வையாக மிகுந்த நீரை இழக்கின்றனர். அதனை ஈடுசெய்யாவிடில் குருதியின் கன அளவு குறைகிறது. 55 என்னும் அழுத்தம் தாழ முற்படுகிறது. நீர் குறைந்த குருதியில் புரதம் செறிவதால் 30 என்பது உயர்கிறது. சிறுநீர்ப் பாதையைக் கல் அடைத்தால் 15 என்பதும் உயரும். மற்றவை மாறாதிருக்க, 55 என்பது 45 ஆகத் தாழ்ந்தாலே வடிகட்டுதல் நின்றுவிடும்.

இதனைத் தடுக்க உட்செல் நுண்தமனி விரிகிறது. வெளிச்செல் நுண்தமனி சுருங்குகிறது. உடல்வலிக்காக மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகள் பல, உட்செல் நுண்தமனியின் விரிவைத் தடுக்கின்றன. நீரிழந்த உடலுக்கு இது பெருந்தீங்கு. கழிப்பறை வசதியின்மையால் நீர் அருந்துவதைத் தவிர்ப்போர்க்கும் இவ்விடர் உண்டு. எனவே குடிநீர், நிழல், ஓய்வு, தூய கழிப்பறை ஆகியவை உழைப்பவரின் சிறுநீரகத்தைக் காக்கும் அரண்களாகும். தொழிற்சாலைகள் சட்டம், 1948 குடிநீரையும் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது இங்கு நினைக்கத்தக்கது.

அழுத்தம் தாழ்வது போலவே நெடுநாள் மிகுவதும் கேடே. கட்டுப்படுத்தப்படாத உயர் இரத்த அழுத்தம் நுண்குழல்களைத் தழும்பாக்கி, வடிகட்டும் பரப்பைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. தொடக்கத்தில் இதற்கு வலியில்லை. ஆதலால் பரிசோதனையே இதனை வெளிப்படுத்தும்.

தெரிந்து தெளிவோம்

உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட நோய்களுக்கான மருந்துகளை இல்லத்திற்கே கொண்டுசேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 05.08.2021 அன்று தொடங்கப்பட்டது. வயிற்றறை வழியே குருதியைத் தூய்மை செய்வதற்கான நீர்மப் பைகளும் இத்திட்டத்தில் வழங்கப்படுகின்றன. அப்பையிலுள்ள குளுக்கோஸின் ஊடுகலப்பு அழுத்தமே மிகுதியான நீரை ஈர்க்கிறது.

கற்பவை கற்றபின்

1. குளோமருலஸின் குருதி அழுத்தம் 50 மி.மீ. ஆகத் தாழ்ந்து, பிற இரண்டும் மாறாதிருப்பின், நிகர வடிகட்டும் அழுத்தத்தைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் வெயிலிலோ உலையருகிலோ பணிபுரிவோர்க்குக் குடிநீரும் ஓய்வும் கிடைக்கும் நிலையைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.